நீலத்துக்குக் காரணம் தேடியவர்: சர் சி. வி. இராமன்

நெய்தல் நிலத்து மக்கள் நாம். கிழக்கே வங்கக் கடல். வடக்கே கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். இவ்விரண்டின் அணைப்பில் கிடக்கிறது நம் காத்திவாக்கம். கண் விழித்தால் கடல், தலை நிமிர்ந்தால் வானம் என்று வாழ்ந்து பழகிய நம் கவிஞர்கள் நீலம் என்னும் சொல்லை எத்தனை முறை கையாண்டிருப்பார்கள் என்று கணக்கெடுத்தால் அதுவே ஒரு தனி மலராகிவிடும். நீலத்தைக் கண்டு வியப்பது கவிஞர்க்கு இயல்பு. அந்த வியப்போடு நில்லாமல், ஏன் நீலம் என்று கேட்டு, அந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்து, கிடைத்த விடையை அறிஞர் அவையிலும் பள்ளிச் சிறுவர் கூட்டத்திலும் ஒரே ஆர்வத்தோடு எடுத்துச் சொன்ன தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தாம் சர் சந்திரசேகர வேங்கட இராமன்.

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் இயற்பியல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கைக்கு இடம் ஏன் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. அறிவியலைக் கண்டுபிடிப்பது எத்துணைப் பெரிய செயலோ, அத்துணைப் பெரிய செயல் அதை மக்களிடம் பேசுவது என்று வாழ்ந்து காட்டியவர் அவர். அப்பேச்சின் ஒரு பகுதி இன்னும் நம் மொழிக்கு வந்து சேரவில்லை. அந்தக் கடனை நினைவூட்டவே இக்கட்டுரை.

காவிரிக் கரையிலிருந்து கடற்கரைக்கு

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். எட்டு மக்களுள் இராமன் இரண்டாமவர். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கச் சென்றபோது இராமனுக்கு வயது நான்கு. ஆகவே காவிரிக் கரையில் பிறந்த குழந்தை வங்கக் கடலின் கரையில் வளர்ந்தது. வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன. தந்தையின் வயலின் இசை ஒலித்தது. ஒலியும் ஒளியும் பின்னாளில் அவருடைய ஆராய்ச்சியின் இரு கண்களாக விளங்கியதற்கு வித்து இங்கேதான் விழுந்தது எனலாம்.

பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் அமர்ந்திருந்த அந்த மெலிந்த சிறுவன் உண்மையிலேயே மாணவன்தானா என்று ஆங்கிலப் பேராசிரியர் ஐயுற்றுக் கேட்டதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. 1904-இல் இயற்பியலில் தங்கப் பதக்கத்துடன் பி.ஏ. பட்டமும், 1907-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். இயற்பியல் பேராசிரியர் ஜோன்ஸ் அவரை வகுப்பறையில் கட்டிப்போடாமல், ஆய்வுக்கூடத்தில் விருப்பம்போல் உழைக்க விட்டார். முப்பட்டகக் கண்ணாடி ஒன்றின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, சாய்வாக விழுந்த ஒளி உண்டாக்கிய பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததை அவர் கண்டார். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தச் சிறு வேறுபாட்டைத் தொடர்ந்து சென்றார். அதன் பயனாக விளைந்த கட்டுரை 1906-ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனின் ஃபிலசாஃபிகல் மேகசின் இதழில் வெளிவந்தது. அப்போது அவர் பதினெட்டு வயதை எட்டிய மாணவர். கற்றுத் தருபவர் எவரும் இல்லாமல், கண் ஒன்றையே ஆசானாகக் கொண்டு எழுதிய கட்டுரை அது.

அந்நாள் வழக்கப்படி மேற்படிப்புக்கு இங்கிலாந்து சென்றிருக்க வேண்டும். அவருடைய உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனவே நிதித்துறைத் தேர்வெழுதி முதலிடம் பெற்றார். 1907-இல் உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அதே ஆண்டு துணைக் கணக்காயராகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். வயது பத்தொன்பது கூட நிறையவில்லை.

பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை

இவ்விடத்தில் நம் கதை சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் இருந்தார். இந்தியர்கள் தாமே அறிவியல் கற்கவும் ஆராயவும் ஓர் இல்லம் வேண்டும் என்று பொதுமக்களிடம் பொருள் திரட்டி, 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை அவர் நிறுவினார். அங்கே மாலைதோறும் பொதுமக்களுக்கான அறிவியல் சொற்பொழிவுகள் நடந்தன. சர்க்காரும், புனித சேவியர் கல்லூரியைச் சேர்ந்த லஃபோன் என்னும் பாதிரியாரும் கருவிகளைக் கொண்டு செய்முறை காட்டிப் பேசினார்கள். கேட்க ஆள் வந்தது. ஆராய ஆள் வரவில்லை. தம் கனவு நிறைவேறாத ஏக்கத்தோடு 1904-இல் சர்க்கார் காலமானார். ஆய்வுக்கூடம் தூசி படிந்து கிடந்தது.

மூன்றாண்டுகள் கழித்து, அலுவலகம் சென்று திரும்பும் டிராம் வண்டியிலிருந்து பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தின் பெயர்ப்பலகையை இராமன் கண்டார். இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசு பாபு என்று அழைக்கப்பட்ட ஆசுதோஷ் தே. நிறுவனரின் மகன் அமிர்தலால் சர்க்கார் அந்த இளைஞரை இரு கை நீட்டி வரவேற்றார்.

அன்று முதல் பத்தாண்டுகள் இராமன் வாழ்ந்தது இரட்டை வாழ்க்கை. விடிவதற்கு முன் எழுந்து ஆய்வுக்கூடம். பத்து மணிக்கு அரசாங்கக் கணக்கு. மாலை ஐந்து மணிக்கு மீண்டும் ஆய்வுக்கூடம். வீடு திரும்ப இரவு பத்து மணி. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்றபோதும் ஆராய்ச்சி நிற்கவில்லை. நம் பகுதித் தொழிலாளர் பலர் பணிநேரம் முடிந்த பின் வந்து கவிதை எழுதுகிறார்களே, அவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதாகத் தோன்றாது. ஆசு பாபுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகப் படிப்பே இல்லாத அந்த உதவியாளர், இராமனோடு உழைத்து உழைத்து ஆராய்ச்சியாளர் ஆனார். ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரும் இடம்பெற்றது. கதவைத் திறந்தவருக்கும் அறிவுலகின் கதவு திறந்தது.

1917-இல் அசுதோஷ் முகர்ஜி அழைத்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்பதற்காக, அதைவிட மிகுந்த ஊதியம் தந்த அரசுப் பணியை இராமன் துறந்தார். அத்துறையில் இருந்திருந்தால் மிக உயர்ந்த நிலையை அடைந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. எதை விட்டார் என்பதைக் கொண்டும் ஒரு மனிதரை அளக்கலாம்.

மிருதங்கத்தின் இரகசியம்

இராமனின் முதல் காதல் இசைக்கருவிகள். வயலின் நரம்பின் அதிர்வுகளை அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். நம் வீணையும் தம்புராவும் ஏன் அத்துணைச் செழுமையாக ஒலிக்கின்றன என்று ஆராய்ந்து, குதிரையின் வளைந்த மேற்பரப்பைத் தந்தி தொட்டுத் தொட்டு அதிர்வதால் ஏராளமான மேற்சுரங்கள் பிறக்கின்றன என்று காட்டினார்.

மிருதங்கத்தைப் பற்றிய அவருடைய ஆய்வு நம் கலைஞர்களுக்குச் செய்த பெரிய மரியாதை. இழுத்துக் கட்டிய தோலை அடித்தால் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாதவை. ஆகவேதான் பெரும்பாலான முரசுகள் ஓசை தருகின்றன, சுரம் தருவதில்லை. நம் மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் இடப்படும் கருநிறக் கரணை அத்தோலின் எடையைத் தக்க அளவில் கூட்டுகிறது. அதனால் முரண்பட்ட அதிர்வுகள் நெறிப்பட்டு, அடிப்படைச் சுரத்தோடு பொருந்தும் மேற்சுரங்களாக மாறுகின்றன. 1920-இல் வெளியிட்ட இவ்வாய்வை 1934-இல் விரிவாக்கி எழுதினார். கணிதம் அறியாத நம் முன்னோர் காதால் மட்டுமே கேட்டு, கல்பொடி குழைத்துப் பூசிப் பூசிக் கண்ட உண்மை, கணிதத்துக்கும் சரியாக நின்றது. அதைக் கண்டு சொன்னதில் இராமனுக்கு அளவிலாப் பெருமை.

நார்குண்டாவின் மேல்தளத்தில்

1921-ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்காக இராமன் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அதுவே அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம். திரும்பும் வழியில் நார்குண்டா என்னும் கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலைப் பார்த்தார். அப்படியோர் ஆழ்ந்த நீலத்தை அதற்கு முன் அவர் கண்டதில்லை.

வானம் ஏன் நீலம் என்பதற்கு 1871-இலேயே இரேலி பிரபு விடை கண்டிருந்தார். கதிரவனின் வெள்ளொளியில் எல்லா நிறங்களும் உள்ளன. காற்றின் மிகச் சிறிய துகள்கள் அவ்வொளியைச் சிதறடிக்கும்போது, குறுகிய அலைநீளம் கொண்ட நீலம் சிவப்பைவிடப் பன்மடங்கு மிகுதியாகச் சிதறுகிறது. ஆகவே எத்திசை நோக்கினும் நீலம் நம் கண்ணை வந்தடைகிறது. ஆனால் கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்று இரேலி கருதினார். உலகமும் அவ்வாறே நம்பியது. எத்தனை கவிதைகளில் வானம் கடலில் முகம் பார்த்திருக்கிறது!

இராமனுக்கு ஐயம் எழுந்தது. அவர் பையில் நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவி இருந்தது. குறித்த ஒரு கோணத்தில் அதன் வழியே நோக்கினால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி மறைந்துவிடும். அவ்வாறு வானத்தின் நிழலை நீக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை; முன்னிலும் ஆழமாகத் தெரிந்தது. கடலின் நீலம் கடலுக்கே உரியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது நேச்சர் இதழுக்கான குறிப்பு ஆயத்தமாக இருந்தது. நீர் செந்நிறக் கதிர்களைச் சிறிதளவு உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நீலத்துக்குப் பெருங்காரணம் என்பதை இன்றைய அறிவியல் சேர்த்துச் சொல்கிறது. ஆயினும், கண் முன்னே கிடந்த கடலை மறுபடியும் ஒருமுறை கேள்வி கேட்ட துணிவு இராமனுடையது.

கோடியில் ஒரு கதிர்

அந்த ஒரு கேள்வி ஏழாண்டுகள் அவரை நடத்திச் சென்றது. நீர், பனிக்கட்டி, பலவகை நீர்மங்கள் என்று ஒவ்வொன்றிலும் ஒளி சிதறும் விதத்தை மாணவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். சிதறிய ஒளியில், உள்ளே சென்ற நிறத்துக்கு மாறான மங்கலான ஒளி ஒன்று கலந்திருப்பதை 1923-இல் மாணவர் கே. ஆர். இராமநாதன் கண்டார். மாசு காரணமாக இருக்கலாம் என்று எண்ணி நீர்மங்களை மீண்டும் மீண்டும் தூய்மை செய்தார்கள். அந்த மங்கல் ஒளி மறைய மறுத்தது.

1928-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் இராமனுடன் இப்பணியில் முழுமூச்சாக இறங்கினார். கதிரவன் ஒளி, தொலைநோக்கியின் வில்லை, நிறக்கண்ணாடிகள், கூர்ந்து நோக்கும் கண்கள் இவையே பெரும்பாலும் அவர்களின் கருவிகள். பிப்ரவரி 28-ஆம் நாள் நிறமாலை காட்டியின் வழியே நோக்கியபோது, பழைய நிறத்தினின்றும் விலகித் தனியே நின்ற புதிய கோடு தெளிவாகத் தெரிந்தது. இராமன் விளைவு பிறந்தது.

துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்கு இதை எளிதாக விளக்கலாம். ஒரு சுங்கச் சாவடியைக் கோடிப் பேர் கடந்து செல்வதாகக் கொள்வோம். ஏறத்தாழ எல்லோரும் கைப்பொருள் குறையாமல் செல்கிறார்கள். கோடியில் ஒருவர் மட்டும் சிறு தொகையைச் சுங்கமாகச் செலுத்திச் செல்கிறார். ஒளித்துகள்களும் அவ்வாறே. மூலக்கூறின்மேல் பட்டுச் சிதறுபவற்றுள் கோடியில் ஏறத்தாழ ஒன்று தன் ஆற்றலில் ஒரு பகுதியை அதற்கு ஈந்துவிட்டு நிறம் மாறி வெளிவருகிறது. மிக அரிதாகச் சில, மூலக்கூறிடமிருந்து ஆற்றலைப் பெற்றும் வருகின்றன. எவ்வளவு சுங்கம் என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஆகவே நிறம் எவ்வளவு மாறியது என்று அளந்தால், மோதிய பொருள் இன்னதென்று சொல்லிவிடலாம். இன்று மருந்தின் தூய்மையை ஆராயவும், பழைய ஓவியத்தின் வண்ணத்தைக் கண்டறியவும் பயன்படுவது இந்த அறிவே.

இப்புதிய ஒளியைப் பற்றி இராமன் விரிவாக உரைத்தது ஒரு சொற்பொழிவில்தான். 1928 மார்ச் 16-ஆம் நாள் பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்தார் முன் பேசினார். அவ்வுரையைக் கல்கத்தாவில் அச்சிட்டு உலகெங்கும் உள்ள இயற்பியலாருக்கு அனுப்பினார். அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்னும் இருவரும் படிகங்களில் இவ்விளைவைத் தனியே கண்டிருந்தனர். இராமன் முந்திக்கொண்டார். 1930-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அறிவியல் துறைகளில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. ஸ்டாக்ஹோமில் நோபெல் உரையைத் தொடங்கியபோதும், அவர் முதலில் பேசியது கடலின் நிறத்தைப் பற்றித்தான்.

மேடையில் இராமன்

தலைப்பாகையும் நீண்ட மேலங்கியும் அணிந்து மேடையேறிய இராமனைக் கேட்டவர்கள் அவ்வனுபவத்தை எளிதில் மறந்ததில்லை. அவர் பேச்சில் வேகம் இருந்தது, நகைச்சுவை இருந்தது, குழந்தையின் குதூகலம் இருந்தது. மற்றெல்லாவற்றையும்விட, பொருளைக் கையில் எடுத்துக் காட்டிப் பேசும் பழக்கம் இருந்தது.

1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அடுத்த ஆண்டு இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவினார். 1948-இல் பணி ஓய்வு பெற்றதும் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் குடிபுகுந்தார். மின்னிணைப்பு வருமுன்னரே கண்ணாடிகளைக் கொண்டு கதிரவன் ஒளியை உள்ளே திருப்பிவிட்டு அங்கே ஆராய்ச்சி நடத்தினார். அந்நிலையத்தில் அவர் சேர்த்து வைத்த கருவூலம் விந்தையானது. படிகங்கள், வைரங்கள், சிப்பிகள், பட்டாம்பூச்சிகள், பொன்வண்டுகள், பறவைச் சிறகுகள்! புற ஊதா ஒளி பட்டதும் இருட்டறையில் பச்சையும் செம்மையுமாக ஒளிரும் கனிமங்களைக் காட்டும்போது, பார்ப்பவரைவிடக் காட்டுபவரே மிகுதியாக மகிழ்ந்தார்.

இவை வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. ஒவ்வொன்றும் அவர் ஆராய்ந்தது. பனங்காடையின் சிறகில் தெரியும் நீலம் சாயத்தால் வந்ததன்று, சிறகின் நுண்ணமைப்பால் வந்தது என்பதை எடுத்துக் காட்டினார். சிப்பியின் உட்புறம் வானவில்லாய் மின்னுவதற்கும் காரணம் சொன்னார். அது மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டது. ஒவ்வோர் ஏட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. நம் கரையில் ஒதுங்கும் சிப்பியைக் கையில் எடுத்துச் சற்றே சாய்த்துப் பார்த்தால், நிறம் இடம் மாறுவதை எவரும் காணலாம். கட்டணமில்லாத ஆய்வுக்கூடம் அது.

வானொலியிலும் அவர் பேசினார். அவ்வுரைகள் 1951-இல் நூலாக வெளிவந்தன. ஆண்டுதோறும் அக்டோபர் 2-ஆம் நாள் தம் நிலையத்தில் காந்தியடிகள் நினைவாக ஓர் அறிவியல் சொற்பொழிவு நிகழ்த்துவதை வழக்கமாகக் கொண்டார். அடிகளை நினைக்க அறிவியலைப் பேசுவதே தக்க வழி என்று அவர் கருதியது சிந்திக்கத் தக்கது.

அவருடைய பொது உரைகளுள் புகழ்பெற்றது 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் அகமதாபாத்தில் நிகழ்ந்தது. தம்மிடம் பயின்ற விக்ரம் சாராபாய் அமைத்த மக்கள் அறிவியல் மையத்துக்கு அடிக்கல் நாட்ட வந்த எண்பது வயது முதியவர், வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டார். எல்லோர்க்கும் தெரிந்த கேள்வி அது. அவர் விடையை உடனே சொல்லவில்லை. கேட்பவரை முதலில் வானத்தைப் பார்க்கச் செய்தார். நிலவொளியும் கதிரவன் ஒளிதான். அப்படியானால் நிலா இரவில் வானம் நீலமாகத் தெரியாதது ஏன் என்று சிந்திக்கச் செய்தார். ஒளி குறைந்தால் நிறம் அறியும் ஆற்றலை நம் கண் இழந்துவிடுகிறது; வானத்தின் நீலத்தில் காற்றுக்கு ஒரு பங்கு என்றால் கண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை உணர்த்தினார். ஒரு கேள்வியின் வயிற்றில் இன்னொரு கேள்வி இருப்பதைக் காட்டுவதே அவருடைய சொற்பொழிவுக் கலை. நல்ல கவிதையும் அதைத்தானே செய்கிறது?

நிறையும் குறையும்

பெரியோரை வணங்குவது வேறு. அவர்தம் குறைகளை மறைப்பது வேறு. இராமனிடம் முன்கோபமும் தன்னை மிக நம்பும் இயல்பும் இருந்தன. கல்கத்தாக் கழகத்தில் எழுந்த பூசலின் பின் 1934-இல் தம்மை வளர்த்த அந்த இல்லத்தோடு உறவு அறுந்தது. பெங்களூரில் 1937-இல் இயக்குநர் பதவியை விட்டிறங்க நேர்ந்தது. படிகங்களின் அதிர்வு பற்றி மாக்ஸ் பார்னோடு நடத்திய நீண்ட வாதத்தில் இறுதியில் அறிவியல் உலகம் பார்ன் பக்கமே நின்றது.

1933-இல் கமலா சோஹோனி என்னும் மாணவியைப் பெண் என்பதற்காகவே சேர்க்க மறுத்தது அவர் வாழ்வில் பதிந்த மறு. அந்த அம்மையார் விடாது போராடிக் கடும் நிபந்தனைகளோடு இடம் பெற்றார். ஓராண்டு அவருடைய உழைப்பைக் கண்ட பின் இராமன் நிறைவு கொண்டார். அதன் பின்னர்ப் பெண்களுக்கு வாயில் திறந்தது. பிற்காலத்தில் வானிலை ஆய்வில் புகழ்பெற்ற அன்னா மணி, இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களை ஆராய்ந்தவரே. கடலின் நிறத்தைப் பற்றி உலகின் கருத்தை மறுத்தவருக்குத் தம் கருத்தை மறுத்துக்கொள்ளச் சற்றுக் காலம் பிடித்தது.

1954-இல் பாரத ரத்னா விருது வந்தது. 1970 அக்டோபர் 2-ஆம் நாள் தம் கடைசிக் காந்தி நினைவு உரையை நிகழ்த்தினார். செவியின் உள்ளமைப்பும் கேட்கும் ஆற்றலுமே அதன் பொருள். வயலினில் தொடங்கிய வாழ்க்கை செவியில் வந்து நிறைந்தது. அம்மாத இறுதியில் நோயுற்றார். மருத்துவமனையில் இறக்க விரும்பாமல், தாம் வளர்த்த மரங்களுக்கும் மலர்களுக்கும் இடையே திரும்பி வந்தார். நவம்பர் 21-ஆம் நாள் காலையில் உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படி நிலையத்துத் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பவில்லை. ஒரு மரம் நட்டார்கள்.

நமக்கு எஞ்சிய கடன்

இராமன் மறைந்த அதே 1970-ஆம் ஆண்டில் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊரில் இருந்துகொண்டு நினைக்கும்போது அவை சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. ஊருக்கு அது விளக்கும் வேலையும் தந்தது உண்மை. அந்நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆனால் இவ்வட்டாரத்து அனல்மின் நிலையங்களிலிருந்து வந்த நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. 2017 சனவரியில் கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் எண்ணெய்ப் படலம் நம் நீர்ப்பரப்பை மூடியது. வலையில் மீனுக்குப் பதில் கறுப்புப் பிசின் ஏறிய நாள்களை இவ்வூரார் மறக்கவில்லை.

கழிமுகத்து நீர் ஏன் சாம்பல் நிறமாக இருக்கிறது என்று நம் வீட்டுக் குழந்தை ஒன்று கேட்டால் என்ன விடை சொல்வோம்? விடை இராமன் வாழ்நாளெல்லாம் பேசிய அதே ஒளிச்சிதறலில் இருக்கிறது. துகள் மிகச் சிறிதாயின் நீலம் மிகுதியாகச் சிதறும். ஒளியின் அலைநீளத்தைவிடத் துகள் பெரிதாயின் எல்லா நிறங்களும் ஏறத்தாழச் சமமாகச் சிதறும். ஆகவேதான் நீர்த்திவலைகளால் ஆன மேகம் வெண்மை. ஆகவேதான் சாம்பல் கலந்த நீர் சாம்பல் நிறம். நீரின்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் நெளியும் வானவில் நிறங்களும், சிப்பியின் உட்புறம் மின்னும் நிறங்களும் ஒரே விதியின் பிள்ளைகள். ஒன்று கடல் தந்த அழகு. மற்றொன்று கடலுக்கு நாம் தந்த காயம். கண்ணுக்கு இரண்டும் அழகாகவே தெரியும். வேறுபாட்டை அறியக் கண்ணோடு அறிவும் வேண்டும். ஏன் என்று கேட்கத் தெரிந்த ஊரை எளிதில் ஏமாற்ற முடியாது. அறிவியல் சொற்பொழிவு என்பது பொழுதுபோக்கு அன்று என்பதற்கு நம் ஊரைவிடச் சான்று வேண்டுமோ?

இராமனின் சொற்பொழிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. அவர் வாழ்ந்த ஊர்களும் காலமும் அவ்வாறு அமைந்தன. ஆயினும் தாய்மொழி வழியாகவே அறிவியல் எல்லா மக்களுக்கும் உரியதாகும் என்ற கருத்து அவர் பெயரால் இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. அவருடைய துணைவர் கிருஷ்ணன் தமிழிலும் அறிவியல் எழுதினார். பெ. நா. அப்புஸ்வாமி தம் நீண்ட வாழ்நாளை அதற்கென்றே ஈந்தார். இவர்கள் வெட்டிய வாய்க்காலில் நீர் ஓடச் செய்வது நம் பணி. அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, சொல் தேவை. சொல்லோ நம்மிடம் இருக்கிறது.

இராமன் விளைவு கண்ட பிப்ரவரி 28-ஆம் நாள் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அடுத்த ஆண்டு அந்நாள் மாலையில் நம் வட்டம் கடற்கரை மணலில் கூடலாம். அன்று கவியரங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கவிதைக்கு முன்னால் கால்மணி நேரம், ஒரு சிப்பியையும் ஒரு கண்ணாடிக் குவளைக் கழிமுக நீரையும் வைத்துக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளிடம் தமிழில் ஒளியைப் பற்றிப் பேசலாம். கேள்வி கேட்கும் பிள்ளை ஒன்று அக்கூட்டத்தில் இருந்தால் போதும். பௌபஜார் தெருவில் கதவு தட்டப்பட மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் கதவை நாம் திறந்தே வைத்திருப்போம்.